பூனைக்கு நெஞ்சில் சளி இறங்கினால்: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பூனை தும்மினால் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும். நுரையீரலில் கிருமி இறங்கினால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. பூனை கட்டிலுக்கு அடியிலோ பீரோ இடுக்கிலோ போய்ப் பேசாமல் உட்கார்ந்துகொள்ளும். 'வெயில் ஜாஸ்தி, அதான் சாப்பிடல' என்று நாமும் இரண்டு நாள் விட்டுவிடுவோம். காப்பாற்றச் சுலபமான நாட்கள் அவைதான்.

பாக்டீரியாவால் நுரையீரலில் வரும் தொற்றைத்தான் பாக்டீரியா நிமோனியா என்கிறார்கள். இது வந்த பூனைகளில் பல இருமுவதே இல்லை. சிலவற்றுக்குக் காய்ச்சலும் இருக்காது. அதனால் இருமலுக்காகக் காத்திருக்க வேண்டாம், மூச்சை எண்ணுங்கள். அதோடு, வாயில் எதையும் கட்டாயப்படுத்தி ஊற்றாதீர்கள். கீழே எழுதியிருக்கும் அத்தனையிலும் இந்த இரண்டை மட்டும் ஒருவர் பிடித்துக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

முதல் படி: நல்லா இருக்கும்போதே மூச்சை எண்ணிப் பழகுங்கள்

பூனை தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், தொட வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற பள்ளத்தைப் பாருங்கள். அது ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் 30 விநாடி வைத்து எண்ணி, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். மீசை துடித்து, பாதம் உதறி, கனவு காண்கிற மாதிரி தூங்கினால் மூச்சு தாறுமாறாகத்தான் இருக்கும், அது அடங்கட்டும். உறுமிக்கொண்டு சுகமாகக் கிடக்கும்போதும் எண்ண வேண்டாம்.

தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் சரி. பல பூனைகளுக்கு 20-ஐ ஒட்டியே இருக்கும். 30-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 40-ஐத் தாண்டி அப்படியே நின்றால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை எண்ணி, தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். 'எப்பவும் 22, இன்னைக்கு 46' என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, 'கொஞ்சம் டல்லா இருக்குங்க' என்பதைவிட டாக்டருக்குப் பல மடங்கு உதவும்.

இரண்டாவது படி: எந்த அறிகுறிக்கு எவ்வளவு அவசரம்

உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். மூச்சுக்குத் திணறும் பூனை ஒருக்களித்துப் படுக்காது. நெஞ்சைத் தரையில் வைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விரித்து, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு உட்காரும். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே வெளியே என்று வேலை செய்யும். கூப்பிட்டால் கண் மட்டும் திரும்பும், தலை திரும்பாது.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். நாய்க்கு அது சாதாரணம், பூனைக்குக் கிடையாது. மே மாத வெயிலில் ஓடி விளையாடிய குட்டி ஓரிரு நிமிடம் வாயைத் திறந்துவிட்டு, நிழலில் உட்கார்ந்ததும் மூடிக்கொண்டால் பயமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயால் மூச்சு விட்டால் உடனே கிளம்ப வேண்டும். ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது நீலம் பாய்ந்தோ சாம்பல் நிறமாகவோ வெளுத்தோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில பூனைகளுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்கு நாக்கைப் பாருங்கள்.

இருமலைப் பலர் அடையாளம் காண்பதில்லை. பூனை தரையோடு குந்தி, கழுத்தை நீட்டி, 'ஹக் ஹக்' என்று எதையோ கக்கப் பார்க்கிற மாதிரி செய்யும். 'முடியைக் கக்கப் பாக்குது' என்று விட்டுவிடுவார்கள். அடிக்கடி இப்படிச் செய்து எதுவும் வெளியே வரவில்லை என்றால் அது இருமலாக இருக்கலாம். செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் அது ஒருநாளும் செய்து காட்டாது.

வெறும் தும்மல், கண்ணில் நீர், தெளிவான மூக்கொழுகல், நன்றாகச் சாப்பிடுகிறது, மூச்சு 30-க்குள் என்றால் சளி இன்னும் மேலேதான் இருக்கிறது. ஒரு நாள் பார்க்கலாம். மூக்கொழுகல் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றாலோ காட்டிவிடுங்கள். பூனைக்குட்டிக்கு இந்த ஒரு நாள் அவகாசமும் வேண்டாம்.

காய்ச்சல் பார்ப்பதென்றால் ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டரால்தான் பார்க்க முடியும். பூனைக்கு இயல்பான சூடு ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூச்சுக்குத் திணறும் பூனையிடம் இந்த வேலையே வேண்டாம். பிடித்து அமுக்குவதே அதன் நிலைமையை மோசமாக்கிவிடும்.

கிருமி உள்ளே இறங்கும் வழி

பூனையின் தொண்டையிலும் வாயிலும் எப்போதும் பாக்டீரியா இருக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் கிருமி கீழே இறங்குவதில்லை. ஹெர்பஸ், கலிசி என்ற இரண்டு பூனை வைரஸ்கள் சாதாரணமாகச் சளி பிடிக்கவைப்பவை. அந்தச் சளியில் உட்சுவர் புண்ணாகிவிட்டால் தள்ளும் வேலை நின்றுபோகும். பாஸ்டுரெல்லா, போர்டெடெல்லா, மைக்கோபிளாஸ்மா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை போன்றவை அப்போதுதான் நுரையீரலுக்கு வருகின்றன. குட்டிகள், வயதானவை, எஃப்ஐவி (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பூனை வைரஸ்) அல்லது ரத்தப்புற்று வைரஸ் உள்ளவை, பல பூனைகள் நெருக்கியடித்து வாழும் இடத்திலிருந்து வந்தவை ஆகியவற்றுக்கு ஆபத்து அதிகம்.

இன்னொரு வழி, நாமே திறந்துவிடும் வழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது படி: பாலாடையையும் சங்கையும் கீழே வையுங்கள்

தாயை இழந்த குட்டியைத் தெருவிலிருந்து எடுத்து வருகிறோம். கைக்குழந்தையைப் போடுவது போல மடியில் மல்லாக்கப் போட்டு, பாலாடையால் பசும்பாலை வாயில் விடுகிறோம். குட்டி மல்லாக்கப் படுத்துக் குடிக்கப் பிறந்ததில்லை. தாயிடம் அது குப்புறப் படுத்து, தலையை லேசாக நிமிர்த்தித்தான் குடிக்கும். மல்லாக்கப் போட்டு ஊற்றும் பால் உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது.

"அக்கா, பால் குடுத்தேன், மூக்கு வழியா வந்துருச்சு. இப்ப நல்லாத்தான் தூங்குது" என்று சாயங்காலம் வரும் போனுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "தூங்கட்டும்ப்பா, ஆனா மூச்சை எண்ணு. இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிரு." உள்ளே போன பால் சில மணி நேரத்திலும் வேலையைக் காட்டலாம், ஓரிரு நாள் கழித்தும் காட்டலாம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஊட்டுவதை நிறுத்துங்கள், தலை கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி பிடியுங்கள், மூக்கைத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கில் பால் வந்தால் வாயின் மேல் அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்றும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியான முறை: குட்டியைத் துண்டின் மேல் குப்புற வைத்து, பெட் ஷாப்பில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால் பவுடரைக் கரைத்து, சின்ன நிப்பிள் பாட்டிலில், அது உறிஞ்சும் வேகத்துக்கு விடுங்கள். பாட்டிலை அழுத்தக் கூடாது. உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்கு முதலில் சூடு கொடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகுதான் பால்.

பெரிய பூனைகளுக்கு நாம் செய்யும் அநியாயம் எண்ணெய். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய், முடி அடைப்பு என்று லிக்விட் பாரஃபின், விஷம் தின்றுவிட்டது என்று நல்லெண்ணெய். தண்ணீர் மூச்சுக்குழாயில் பட்டால் பூனை இருமித் தள்ளும். எண்ணெய்க்கு அந்த இருமல் வராமல் போகலாம், சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். நுரையீரலில் தங்கிய எண்ணெயை எந்த ஆன்டிபயாடிக்காலும் எடுக்க முடியாது. கற்பூரவல்லிச் சாறு, துளசிக் கஷாயம், மிளகு ரசம் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் பூனையின் வாயைப் பிளந்து ஊற்றும் எதுவும் மருந்தாகாது.

நான்காவது படி: வீட்டு மருந்து டப்பாவை மூடுங்கள்

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். டோலோ, கால்பால் எல்லாம் அதுதான். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ரத்தத்தால் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். தெரியாமல் யாராவது கொடுத்திருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் போனால் முறிக்கும் மருந்து உண்டு.

ஐபுபுரூஃபனும் வேண்டாம். நெஞ்சில் விக்ஸ், நீலகிரித் தைலம், கற்பூரம் எதுவும் தேய்க்காதீர்கள். பூனை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி, தேய்த்தது முழுக்க வயிற்றுக்குள் போகும். நாய்க்கு வாங்கி மீந்த என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 'பாதி போட்டேன்' என்பவர்களும் இருக்கிறார்கள். பூனைக்கு அதன் அளவு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விழித்திரை கெட்டு நிரந்தரமாகப் பார்வை போகலாம்.

ஐந்தாவது படி: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது

கட்டைப்பையில் போட்டு வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போவது நம் ஊரில் சகஜம். மூச்சுத் திணறும் பூனைக்கு அது கூடவே கூடாது. பை நெஞ்சை அமுக்கும், உள்ளே காற்றும் வராது. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையோ கேரியரோ எடுத்து, அடியில் பழைய துண்டு விரித்து, மேலே மெல்லிய துணியால் பாதி மூடுங்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். கிளம்பும் முன் சோறு தண்ணீர் எதையும் திணிக்காதீர்கள், குளிப்பாட்டவும் வேண்டாம்.

மதுரையில் தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குள் தனியார் கிளினிக்குகளும் உண்டு. எங்கே போவதானாலும் முதலில் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆக்சிஜன் இருக்கிறதா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா? 'பூனைக்கு மூச்சு வாங்குது, வந்துட்டே இருக்கோம்' என்று சொல்லிவிட்டால் வரிசையில் உட்கார வைக்கமாட்டார்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் முதலுதவி எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வருவதே நல்லது. சிக்கலான கேஸ் என்றால் தேனியிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, டாக்டரின் கடிதத்தோடு போங்கள். ராத்திரி 11 மணிக்கு யார் போன் எடுப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: டாக்டர் செய்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

பூனை திணறிக்கொண்டிருந்தால் முதலில் ஆக்சிஜன், அப்புறம்தான் மற்றதெல்லாம். 'எக்ஸ்ரே எப்ப எடுப்பீங்க' என்று அவசரப்படுத்தாதீர்கள். மேசையில் இழுத்துப் படுக்க வைக்கும்போதே உயிர் போன பூனைகள் உண்டு. அது கொஞ்சம் அடங்கிய பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் தொற்று என்ற சந்தேகம் பலப்படும். ஆனால் அது இயல்பாக இருந்தாலும் நிமோனியா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எக்ஸ்ரே ஏன் முக்கியம் என்றால், வெளியே பார்க்க ஒரே மாதிரி தெரியும் நோய்கள் நாலைந்து இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டுதான் வைத்தியம். அதே ஸ்டீராய்டு பாக்டீரியா தொற்றில் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். இதய நோயால் நீர் கோத்திருந்தால் நீர் பிரியும் ஊசி வேண்டும், நிமோனியாவில் அதே ஊசி சளியை இறுக்கிவிடும். நுரையீரல் புழுவுக்குப் புழு மருந்து. மாடியிலிருந்து விழுந்தோ வண்டியில் அடிபட்டோ நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருந்தால் ஆபரேஷன். அதனால் ஊகத்தில் ஒரு ஊசி போட்டு அனுப்பினால், 'எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாமா சார்?' என்று தன்மையாகக் கேட்பதில் தவறே இல்லை.

கருத்தடை செய்யாத, தெருச் சண்டைக்குப் போகும் கடுவன் பூனை உங்களுடையது என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். கடிபட்ட காயம் வழியாகக் கிருமி போய் நெஞ்சுக்கூட்டுக்குள், நுரையீரலுக்கு வெளியே சீழ் கட்டலாம். அதற்கு மாத்திரை மட்டும் போதாது, குழாய் வைத்துச் சீழை எடுக்க வேண்டும்.

மூச்சுக்குழாயில் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கல்ச்சர் பார்ப்பதுதான் சிறந்த முறை. அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாப் பூனைக்கும் அதைத் தாங்க முடியாது, எல்லா இடத்திலும் வசதியும் இல்லை. அதனால் பெரும்பாலும் அனுபவத்தை வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். அமாக்சிசிலின் கிளாவுலனேட், டாக்சிசைக்ளின் போன்றவை வழக்கமானவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது என்பதால் அமாக்சிசிலின் அதனிடம் எடுபடாது, டாக்சிசைக்ளின் எடுபடும். இரண்டு மூன்று நாளில் மூச்சு எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் திரும்பப் போய் 'வேற எதுவுமா இருக்குமா?' என்று கேளுங்கள்.

ஏழாவது படி: வீட்டில் பார்த்துக்கொள்வது

டாக்சிசைக்ளின் மாத்திரையை வெறுமனே விழுங்க வைக்கக் கூடாது. பூனையின் உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகி, சுருங்கி, பிறகு சாப்பாடே இறங்காது. மாத்திரை போட்டதும் 5, 6 மில்லி தண்ணீர் சிரிஞ்சில் கொடுங்கள், அல்லது பின்னாலேயே ஒரு வாய் சாப்பாடு. சிரிஞ்சைக் கன்னத்து ஓரமாக நுழைத்து, தலையை அண்ணாத்தாமல் நேராக வைத்து, சொட்டுச் சொட்டாக, விழுங்க விழுங்க விடுங்கள். மூச்சு இன்னும் வேகமாக இருந்தால் அந்த வேளை மருந்தை ஊசியாகப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டுச் சாப்பாட்டை லேசாகச் சூடுபண்ணி வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து முள் எடுத்த மீனோ கோழிக்கறியோ போதும். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். அந்த நிலைக்கு விடாமல் டாக்டரிடம் சொன்னால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து ஊட்டுவார்கள்.

பிள்ளைகளுக்காக வாங்கிய நெபுலைசர் வீட்டில் இருந்தால், டாக்டர் சரி என்றால் வெறும் சலைன் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். குழந்தைக்கு எழுதிக்கொடுத்த மருந்தை அதில் ஊற்றிவிடாதீர்கள். எழுந்து நடக்காத பூனையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இருமலை அடக்கும் சிரப் வேண்டாம், சளி வெளியே வரட்டும்.

பூனை இருக்கும் அறையில் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி எல்லாம் சில வாரங்களுக்கு நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமைப் புகையைப் பூஜை அறையோடு வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மிளகாய் வற்றல் தாளிக்கும் நெடியும் கெடுதல்தான். தீபாவளி, போகி சமயத்தில் ஜன்னலை அடைத்து உள்ளறையில் வையுங்கள்.

எட்டாவது படி: மருந்தை எப்போது நிறுத்துவது

பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது இங்கேதான். நாலாம் நாள் பூனை எழுந்து மீன் கேட்டுக் கத்தும், மாத்திரை பாதியில் நின்றுவிடும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும்போது அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். மருந்து தொடங்கி 10 முதல் 14 நாளுக்குள் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்துவதா நீட்டுவதா என்று மூச்சு, எடை, தேவைப்பட்டால் இன்னொரு எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்வார். சில பூனைகளுக்கு மூன்று நாலு வாரம்கூட ஆகும். பூனை தேறிய பிறகும் எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு கொஞ்ச நாள் தெரியும், அதற்காகப் பயப்பட வேண்டாம். அதுவரை தினமும் ஒரு முறை மூச்சை எண்ணி அதே காலண்டர் தாளில் எழுதுங்கள்.

ஒன்பதாவது படி: வீட்டில் உள்ள மற்றப் பூனைகளும் மனிதர்களும்

நோய்ப்பட்ட பூனைக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி. மற்றவற்றைத் தொடும் முன் கை கழுவுங்கள். போர்டெடெல்லா நாயிடமிருந்து பூனைக்கும் பூனையிடமிருந்து நாய்க்கும் பரவும். மனிதருக்கு வருவது அபூர்வம். ஆனாலும் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் இந்தப் பூனையைக் கவனிக்க வேண்டாம்.

பூனைச் சளி வைரஸ்களுக்கு எதிரான ட்ரைகேட் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் காலத்தில் பூஸ்டர். ஹெர்பஸும் கலிசியும் வரவே வராது என்று இதற்கு உத்தரவாதம் இல்லை, வந்தாலும் லேசாகப் போய்விடும். நுரையீரல் வரை இறங்காமல் இருக்க அது பெரிய பாதுகாப்பு. தெருவிலிருந்து புதிதாக ஒரு குட்டியை எடுத்து வந்தால் இரண்டு வாரம் தனியறையில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு விடுங்கள். தட்டையும் கூடையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். கலிசி வைரஸ் வெறும் சோப்புத் தண்ணீருக்குச் சாகாது.